தேங்காய் எண்ணெய் குடித்த எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம். கோவை கணபதியில் 40 ஆண்டுகள் மோட்டார் காயில் கட்டியவன் நான். பம்புசெட், கிரைண்டர், மிக்ஸி என்று நம் ஊரில் சுற்றுகிற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். இன்று பேச வந்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் பொம்மை ரயில் எஞ்சின்களைப் பற்றி.

போன ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா பிஸ்கட் டப்பாவோடு பட்டறைக்கு வந்தார். உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய நீராவி எஞ்சின் பொம்மை, ஓடுவது மின் மோட்டாரில். இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் டிரை-ஆங் கம்பெனி 1960களில் செய்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிய அவருடைய கணவருக்கு, ஊர் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். "ஓடாவிட்டால் போகட்டும் தம்பி, பேரன் விடமாட்டேன் என்கிறான்" என்றார்.

சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்து, இறுகிவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது உருளாது, உருளவும் கூடாது. மோட்டார் தண்டில் திருகுபோல ஒரு வார்ம் இருக்கிறது. அது அச்சில் உள்ள பல்சக்கரத்தைச் சுற்றும். பல்சக்கரத்தால் வார்மைத் திருப்பிச் சுற்ற முடியாது. பலம் காட்டித் தள்ளினால் பல்தான் போகும்.

மேல் ஓட்டைக் கழற்றியதும் மூக்கே நோயைச் சொல்லிவிட்டது. தேங்காய் எண்ணெய்! ஊட்டிக் குளிரில் உறைந்து, கீழே வந்து வெயிலில் உருகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, பல்லிடுக்கெல்லாம் பலாப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. என் கைக்கு வந்த எஞ்சின்களில் எண்ணெய் காய்ந்து நின்றவை குறைவு. பாசத்தோடு எண்ணெய் ஊற்றிக் கெடுத்தவைதான் அதிகம். பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு, தண்டு சுழலும் தாங்கிக்கு (பேரிங்) ஒரு சொட்டு வைத்தேன். அதற்கு மேல் வேண்டாம். வழிந்து கம்முடேட்டரில், அதாவது பிரஷ் என்ற கார்பன் துண்டுகள் உரசி மின்சாரம் கொடுக்கும் செம்பு உருளையில் பட்டால், கார்பன் தூளோடு கலந்து மூன்று செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை அடைத்துவிடும். அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஈர்க்குச்சி போதும். உப்புத்தாள் கூடாது, அதன் மணல் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷைத் தின்னும்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பம்பு மோட்டாரில் ஆயிரம் தடவை செய்ததுபோல் ஆர்மேச்சரை, அதாவது காயில் சுற்றிய சுழலும் இரும்பை, சட்டென்று உருவி எடுத்தேன். பம்பு மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது, இதில் உண்டு. பழைய அல்நிகோ காந்தம். நடுவில் இருக்கும் இரும்பு போய்விட்டால் அதன் பலம் இறங்கிவிடும். எடுப்பதற்கு முன் ஓர் இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டியிருக்க வேண்டும். திரும்பப் பூட்டி 12 வோல்ட் கொடுத்தேன். எஞ்சின் தனியாக ஓடியது. மூன்று பெட்டி மாட்டினால் நின்று, தொட முடியாதபடி சுட்டது. பழைய காந்தத்தை எடுத்துவிட்டு நியோடைமியம் காந்தத் துண்டுகளை வைத்த பிறகுதான் இழுத்தது. மெர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் பழைய எஞ்சினாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். அதில் நம் மிக்ஸியைப் போலக் காந்தத்துக்குப் பதில் காயில்தான்.

இன்னொரு நோய் பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கு வருவது. பழைய அமெரிக்க டீசல் மாடல்களில் அடிக்கடி பார்க்கலாம். அச்சைக் கவ்வியிருக்கும் சக்கரம் நாளடைவில் சுருங்கி, இரண்டு பல்லுக்கு நடுவே விரிசல் விட்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு குலுக்கல். பசை நிற்காது. பஞ்சாலை இயந்திரங்களுக்குப் பல் வெட்டும் நண்பரிடம் பித்தளையில் கேட்டேன். "அண்ணா, இதைத் தும்மாமல் எப்படிப் பிடிப்பது?" என்று சிரித்தார். வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்து, உடம்பே ஊதி வெடித்த எஞ்சின் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நம் பவுண்டரிக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்து எஞ்சினில் கடைசி வேலை சக்கரங்கள். மோட்டார் ஓர் அச்சைத்தான் சுற்றும். மற்றவற்றைப் பக்கத்துக் கம்பிகள் இழுத்துச் செல்லும். சக்கரத்தில் கம்பி மாட்டும் இடப்பக்கத்து முளை உச்சியில் நின்றால் வலப்பக்கத்து முளை கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும், பெரிய நீராவி எஞ்சினைப் போலவே. ஒரு சக்கரம் அச்சில் கொஞ்சம் நழுவியிருந்ததால் நொண்டியது. அதைச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

எஞ்சினை வாங்கிக்கொள்ள அம்மா பேரனோடு வந்தார். 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அது மூன்று பெட்டியோடு சுற்றியதைப் பையன் பேசாமல் பார்த்தான். பிறகு என் கணக்கு நோட்டுகளைத் தண்டவாளத்தின் கீழே அடுக்கி மேடு செய்தான். எஞ்சின் பாதி ஏறிச் சக்கரம் வழுக்கி நின்றது. "நடுவில் பல் தண்டவாளம் இல்லையே தாத்தா" என்றான். 1899 முதல் குன்னூருக்கு ஏறும் மலை ரயிலைத் தினமும் பார்க்கிறவன் அவன். கல்லாறைத் தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல்லில்லாமல் முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பித்தளைப் பட்டையில் பல் வெட்டித் தரச் சொல்லி நண்பரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த முறையாவது காசு வாங்கச் சொல்ல வேண்டும். வணக்கம்.