ரயில்ல வந்து சென்னையில ஒரு மீட்டப்: திரும்பிப் போற டிக்கெட்ல இருந்து ஆரம்பிங்க

வணக்கம் நண்பர்களே. ஆன்லைன்ல மட்டுமே பழகின ஒரு குழு, எட்டுல இருந்து பத்து பேர்னு வெச்சுக்குவோம். மதுரையில ரெண்டு பேர், கோயம்புத்தூர்ல ரெண்டு பேர், திருச்சியில ஒருத்தர், பெங்களூர்ல ஒருத்தர், மிச்சம் பேர் சென்னைக்காரங்க. முதல் தடவையா எல்லாரும் நேர்ல சந்திக்கணும், வெளியூர்க்காரங்க ரயில்ல வரணும். இதை எப்படித் திட்டம் போடுறதுன்னு இன்னைக்கு முழுசா பேசிடலாம்.

பெரும்பாலான குழுக்கள்ல பேச்சு "எந்த ஹோட்டல்ல சாப்பிடலாம்"னுதான் ஆரம்பிக்கும். அது கடைசியா முடிவு பண்ண வேண்டிய விஷயம். முதல்ல முடிவாக வேண்டியது, வெளியூர்ல இருந்து வர்றவங்க திரும்பிப் போற டிக்கெட். வர்றதுக்கு எல்லாரும் ஆர்வமா டிக்கெட் போட்டுடுவாங்க. திரும்புறது வெயிட்டிங் லிஸ்ட்ல தொங்கிட்டே இருக்கும். அந்த ஆளு மீட்டப் முழுக்க போனைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு, பேச்சுல மனசே இருக்காது.

அதனால தேதி குறிக்கிறப்போ கூட்டம் எந்தத் திசையில ஓடுதுன்னு பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில இருந்து தெற்கே போற வண்டி எல்லாம் நிரம்பி வழியும். ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே கூட்டம் சென்னைக்குத் திரும்பும். நீங்க இதுக்கு நேர் எதிரா போங்க. வெள்ளி ராத்திரி மதுரையிலயோ திருநெல்வேலியிலயோ ஏறி சனிக்கிழமை காலையில சென்னையில இறங்குறது, சனி ராத்திரியோ ஞாயிறு ராத்திரியோ சென்னையில இருந்து கிளம்புறது. ஒப்பிட்டுப் பார்த்தா இந்தப் பக்கம் சீட் சுலபமா கிடைக்கும். வெளியூர்க்காரங்க அதிகமா இருக்கிற குழுவுக்கு, வார இறுதியில சந்திக்க சென்னைதான் தோதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். இதையே மதுரையில வெச்சீங்கன்னா சென்னைக்காரங்க எல்லாரும் கூட்டத்தோட கூட்டமா டிக்கெட்டுக்கு அடிச்சுக்கணும்.

பொங்கல், தீபாவளி சமயத்துல இது இன்னும் கடுமை. ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல புத்தகக் காட்சி நடக்குறப்போ சந்திக்கலாம்னு நிறைய குழுக்கள் ஆசைப்படுவாங்க. ஆசை நியாயமானதுதான். ஆனா பொங்கலுக்கு முந்தின வாரக் கடைசியில நீங்க சென்னைக்கு வந்துடலாம், திரும்ப இடம் இருக்காது. பொங்கல் முடிஞ்ச வாரக் கடைசியில திரும்பறது சுலபம், வர்றதுதான் கஷ்டம். பொங்கலோட ஒட்டாத தேதியாப் பாருங்க.

சரி, டிக்கெட் எப்போ போடணும்? 2024 நவம்பர் 1-ல இருந்து முன்பதிவு 60 நாள்தான், முன்னாடி 120 நாளா இருந்தது. காலையில 8 மணிக்குத் திறக்கும். 60 நாள்னா எட்டு வாரமும் நாலு நாளும். அப்போ வெள்ளிக்கிழமை கிளம்புற வண்டிக்கு ஒரு திங்கட்கிழமை காலையில திறக்கும், சனிக்கிழமை வண்டிக்கு செவ்வாய், ஞாயித்துக்கிழமை வண்டிக்கு புதன். இதுல நீங்க வர்ற வண்டிக்கும் திரும்பற வண்டிக்கும் உண்டான ரெண்டு கிழமையையும் குழுவுல முன்கூட்டியே போட்டு வைங்க. போக ஒரு நாள், திரும்ப இன்னொரு நாள் டிக்கெட் போடணும்ங்கிறதை மறந்துடுறவங்கதான் அதிகம்.

நடுவுல ஏறுறவங்க தேதியில ஏமாறுவாங்க, கவனிங்க. மதுரையில வெள்ளி ராத்திரி 10 மணிக்கு ஏறுறவங்களுக்கு டிக்கெட்ல வெள்ளிக்கிழமை தேதி. அதே வண்டி திருச்சிக்கு 12 மணியைத் தாண்டி வந்தா, அங்க ஏறுறவங்களுக்கு சனிக்கிழமை தேதி. திருச்சி நண்பர் "வெள்ளி ராத்திரிதானே"ன்னு வெள்ளிக்கிழமை தேதிக்குப் போட்டாருன்னா, அவர் போட்டது வியாழன் ராத்திரி புறப்பட்ட வண்டி. முன்பதிவு திறக்கிற நாளை மட்டும் வண்டி புறப்படுற ஊரை வெச்சுக் கணக்கு பண்ணுவாங்க, அதனால திருச்சிக்காரருக்கும் அதே திங்கட்கிழமைதான் திறக்கும்.

அப்படியும் கிடைக்கலைன்னா தட்கல். வண்டி அது கிளம்புற ஊர்ல புறப்படுற நாளுக்கு முந்தின நாள், காலையில ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையில இருந்து ஆன்லைன்ல தட்கல் போட உங்க கணக்குல ஆதார் சரிபார்த்திருக்கணும். அந்த வேலையை முந்தின வாரமே முடிச்சு வைங்க, காலை 10 மணிக்கு உட்கார்ந்து பண்ண முடியாது. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து பண்ணினா பணம் திரும்ப வராது. ஆர்ஏசி கிடைச்சா பயப்படாதீங்க, உட்கார இடம் உறுதி, வண்டியில ஏறலாம். ஆன்லைன்ல போட்டது கடைசி சார்ட் (யாருக்கு எந்த இடம்னு ரயில்வே போடுற பட்டியல்) வரைக்கும் வெயிட்டிங் லிஸ்ட்லயே இருந்தா தானா ரத்தாகிடும், அதை வெச்சு ஏற முடியாது. ஒரு நல்ல விஷயம், முன்னாடி நாலு மணி நேரம் முந்தி வந்த முதல் சார்ட், 2025 ஜூலையில எட்டு மணி நேரமாச்சு, 2025 டிசம்பர்ல இருந்து ராத்திரி வண்டிக்கு குறைஞ்சது பத்து மணி நேரம் முன்னாடியே வந்துடுது. ராத்திரி வண்டின்னா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளயே உங்க நிலைமை தெரிஞ்சுடும், வேற ஏற்பாடு பண்ண நேரம் இருக்கு.

"ஒரே டிக்கெட்ல நடுவுல இறங்கிட்டு மறுபடி ஏறிக்கலாமாமே"ன்னு கேப்பாங்க. அந்த விதி இருக்கு, ஆனா முதல் 500 கிலோமீட்டர் தாண்டின பிறகுதான் இறங்க முடியும், வந்தே பாரத் மாதிரி வண்டிகளுக்குப் பொருந்தாது, ஸ்டேஷன்ல டிக்கெட்டைக் காட்டிப் பதிவும் வாங்கணும். மீட்டப்புக்கு இது ஒத்து வராது. தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டுடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் நிம்மதி.

இப்போ இடம்.  தெற்கே இருந்து வர்றவங்க தாம்பரம், எழும்பூர் பக்கம் இறங்குவாங்க. கோயம்புத்தூர், பெங்களூர்க்காரங்க சென்ட்ரல். மெட்ரோவுல சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷனே எழும்பூர்தான். இல்லைன்னா சென்ட்ரல் எதிர்ல இருக்கிற பார்க் ஸ்டேஷன்ல புறநகர் வண்டி ஏறினா அடுத்ததே எழும்பூர், அஞ்சு ரூபா டிக்கெட். அதனால பல ஊர்க்காரங்க சேர்ற குழுவுக்கு எழும்பூரைச் சுத்தியே வைங்க. பீச்ல வைக்கலாம், ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) வைக்கலாம்னு சென்னை நண்பர்கள் சொல்வாங்க. ராத்திரி வண்டி பிடிக்க வேண்டியவங்களுக்கு ஈசிஆர்ல இருந்து சனிக்கிழமை சாயங்கால டிராஃபிக்ல திரும்பறது பெரிய ஆபத்து. வேண்டாம்.

எழும்பூர்ல எனக்குப் பிடிச்ச தேர்வு பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம். 1851-ல ஆரம்பிச்சது. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போகலாம், காலை 9.30-க்குத் திறந்து மாலை 5 மணி வரைக்கும் இருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. முதல் தடவை பாக்குறவங்களுக்கு உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேச ஆரம்பிக்கிறது சங்கடமா இருக்கும். நடந்துக்கிட்டே அமராவதிச் சிற்பங்களையும் சோழர் கால நடராஜரையும் பாக்குறப்போ பேச்சு தானா வரும், பேச்சு நின்னாலும் யாருக்கும் கூச்சமா இருக்காது. புத்தகக் குழுன்னா பக்கத்துலயே கன்னிமரா நூலகம் இருக்கு. திறந்த வெளிதான் வேணும்னா எழும்பூருக்கு அடுத்த புறநகர் ஸ்டேஷன் சேத்துப்பட்டு, அங்க ஏரிப் பூங்கா இருக்கு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, மே மாசம் வெயில், அப்போ பூங்காவை நம்பாதீங்க.

இடத்தைச் சொல்றப்போ துல்லியமா சொல்லுங்க. "எழும்பூர் ஸ்டேஷன் வாசல்"னா எந்த வாசல்? காந்தி இர்வின் சாலை பக்கம் ஒண்ணு, பூந்தமல்லி நெடுஞ்சாலை பக்கம் ஒண்ணு. ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்க நின்னா அரை மணி நேரம் போயிடும். சென்ட்ரல்லயும் அதே கதை, நீண்ட தூர வண்டிகளுக்கு ஒரு கட்டடம், புறநகர் வண்டிக்கு மூர் மார்க்கெட் வளாகம். "அருங்காட்சியகம், பாந்தியன் சாலை நுழைவாயில், டிக்கெட் கவுன்டர் பக்கம், 10.30"னு எழுதுங்க, மேப் பின்னும் போடுங்க. நண்பர் நடைமேடைக்கே வந்து கூட்டிட்டுப் போறாருன்னா அவருக்கு பிளாட்ஃபாரம் டிக்கெட் வேணும், பத்து ரூபா, ரெண்டு மணி நேரம்தான் செல்லும்.

சேர்ற புள்ளி ஒண்ணு மட்டும் வெச்சா போதாது. 10.30-க்கு அருங்காட்சியகம், 1 மணிக்கு சாப்பிடுற ஹோட்டல், இப்படி ரெண்டு வைங்க. வண்டி மூணு மணி நேரம் லேட்டானவர் நேரா ரெண்டாவது இடத்துக்கு வந்துடுவாரு. யாருக்காகவும் யாரும் வெயில்ல நிக்க வேண்டாம், லேட்டா வர்றவரும் குற்ற உணர்ச்சியோட வர வேண்டாம்.

காலையில அஞ்சு, ஆறு மணிக்கு இறங்குறவங்களுக்கு பத்தரை வரைக்கும் ஒரு பெரிய இடைவெளி இருக்கு பாருங்க, அதை யாருமே யோசிக்கிறதில்ல. குளிக்கணும், துணி மாத்தணும், பையை வைக்கணும். ரயில்வே ஓய்வறையை ஆன்லைன்ல பதிவு பண்ணலாம், ஆனா கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி டிக்கெட்டோட பிஎன்ஆர் (டிக்கெட்ல இருக்கிற பதிவு எண்) இருந்தாதான். பெரிய ஸ்டேஷன்கள்ல மணிக்கு இவ்வளவுன்னு வாங்குற ஏசி காத்திருப்பு அறையும் இருக்கும். மூணு நாலு பேரா வர்றீங்கன்னா கென்னட் லேன் பக்கம் லாட்ஜ்ல ஒரு ரூம் போட்டுப் பகிர்ந்துக்கலாம், ஆனா காலையில செக்-இன் உண்டான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. பையை கிளோக் ரூம்ல வைக்கணும்னா பூட்டு இருக்கணும், பூட்டாத பையை வாங்க மாட்டாங்க. முதுகுப் பைக்கும் சின்னப் பூட்டு ஒண்ணு ஊர்லயே வாங்கிப் போட்டுட்டு வாங்க. டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேப்பாங்க. சாப்பாட்டுப் பொருளை அந்தப் பையில வைக்காதீங்க.

சாப்பாடு. பத்து பேருக்கு சனிக்கிழமை மத்தியானம் ஒரே மேஜை கிடைக்காது. 1 மணிக்குத்தான் போறீங்கன்னா முன்கூட்டியே பேசி வைங்க, இல்லைன்னா 12.15-க்குள்ள போயிடுங்க. பில்லை ஒருத்தர் கட்டி அப்புறம் வசூல் பண்ணிக்கிறேன்னு விடாதீங்க. எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அதே மேஜையில எல்லாரும் யுபிஐல அனுப்பிடணும். முதல் சந்திப்புலயே பண விஷயம் இழுபறியா நின்னா அடுத்த சந்திப்புக்கு ஆள் வர மாட்டாங்க.

இப்போ நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். டிக்கெட் ஸ்கிரீன்ஷாட்டை குழுவுல போடாதீங்க. அதுல உங்க பேரு, வயசு, பிஎன்ஆர் எல்லாம் இருக்கு. பிஎன்ஆர் இருந்தா எந்தக் கோச், எந்த பெர்த்ன்னு யார் வேணும்னாலும் பாத்துடலாம். தனியா ராத்திரி பயணம் பண்ற பெண்களுக்கு இது விளையாட்டு இல்ல. வண்டி எண்ணும் வந்து சேர்ற நேரமும் சொன்னாப் போதும், மத்தவங்க வண்டி எங்க வருதுன்னு செயலியில பாத்துக்குவாங்க. முழு விவரத்தை வீட்ல ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு வாங்க. வாட்ஸ்அப் குழுன்னா எல்லாருக்கும் உங்க நம்பர் தெரியும், அது வேண்டாம்னா டெலிகிராம்ல நம்பரை மறைச்சு வெச்சுக்கலாம். சந்திக்கிற அன்னைக்கு வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் அனுப்பணும்னா ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்க, எட்டு மணி நேரம் வேண்டாம். 18 வயசுக்குக் கீழ யாராவது இருந்தா பெற்றோர் இல்லாம கூப்பிடாதீங்க. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. புனைபெயர்ல எழுதுற ஒருத்தரோட முகத்தை நீங்க வெளியில போட்டுட்டா அதைத் திரும்ப எடுக்க முடியாது.

திரும்பறது. ராத்திரி 9.40 வண்டின்னா 9.15-க்கு நடைமேடையில இருக்கணும். அதுக்கு முன்னாடி கிளோக் ரூம்ல பையை எடுக்கணும், அங்க வரிசை இருக்கலாம். ராத்திரிச் சாப்பாடு வாங்கணும். பின்னாடியே கணக்குப் போட்டுட்டு வந்தா 7 மணிக்கு மீட்டப் முடியணும். முடியற நேரத்தையும் அழைப்புலயே எழுதுங்க, இல்லைன்னா முதல்ல எழுந்திரிக்க எல்லாரும் தயங்குவாங்க. தென் சென்னையில நண்பர் வீட்ல தங்கியிருந்தீங்கன்னா ஏறுற ஸ்டேஷனை ஆன்லைன்லயே தாம்பரத்துக்கு மாத்திக்கலாம். மாத்தாம சும்மா அங்க போய் ஏறாதீங்க, நீங்க வரலைன்னு பெர்த்தை வேற ஆளுக்குக் கொடுத்துட வாய்ப்பு இருக்கு. மாத்திட்டீங்கன்னா எழும்பூர்ல ஏற முடியாதுங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. எழும்பூர்ல மறுசீரமைப்பு வேலை நடக்குறதால சில வண்டிகளை அப்பப்போ தாம்பரத்துக்கு மாத்துறாங்க, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை சரிபாருங்க.

எல்லாத்தையும் தாண்டி வண்டி போயிடுச்சுன்னா, அடுத்து கிளம்புற வண்டியில கரண்ட் புக்கிங் இருக்கான்னு பாருங்க. சார்ட் போட்ட பிறகும் காலி சீட் இருந்தா கொடுப்பாங்க. அதுவும் இல்லைன்னா பஸ். தெற்கே போற அரசு விரைவு பஸ் இப்போ கோயம்பேட்ல இல்ல, 2023 டிசம்பர் கடைசியில திறந்த கிளாம்பாக்கத்துல இருந்துதான் கிளம்புது. எழும்பூர்ல இருந்து ஆட்டோவோ காரோ பிடிச்சு மாட்டிக்காதீங்க. செங்கல்பட்டு போற புறநகர் வண்டியில ஏறி வண்டலூர் இல்லைன்னா ஊரப்பாக்கத்துல இறங்குங்க, அங்க இருந்து கிளாம்பாக்கம் கிட்டதான். செங்கல்பட்டு வண்டி உடனே இல்லைன்னா தாம்பரம் வரைக்கும் போய் அங்க இருந்து டவுன் பஸ்.