அந்தக் கீச் சத்தம் போய்விட்டது

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் தலைமுடி காற்றில் பறப்பதைக் கவனித்தீர்களா? மின்விசிறி ஓடுகிறது. அதுவும் முழு வேகத்தில்! பழைய ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற இந்த மர அலமாரியின் இடது கதவு பதினொரு மாதமாக ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மேல் கீலில் ஒரு திருகாணி கழன்றுவிட்டது, அவ்வளவுதான். மின்விசிறி போட்டால் கதவு ஆடும், ஆடினால் கீச் என்று கத்தும். அதனால் வீடியோ எடுக்கும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு திருகாணியை முடுக்கச் சோம்பல்பட்டுப் பதினொரு மாதம் புழுங்கிக் கிடந்த ஆள்தான் இன்று தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சோம்பல் என்றா சொன்னேன்? அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கதவு. இதை விரிவாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, திருகாணியை ஓட்டையில் வைத்துத் திருகினேன். அது பாட்டுக்குச் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. மரத்தில் இருந்த புரி தேய்ந்து ஓட்டை அகலமாகிவிட்டது. வழக்கமாக நான் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, “ஆள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலை” என்று தீர்ப்பு எழுதுவேன். நேற்று எழுதவில்லை. இரண்டு தீக்குச்சி எடுத்தேன், மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்தேன், மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் செருகினேன். இன்னும் இடம் இருந்தது. மூன்றாவது குச்சியும் போனது. வெளியே துருத்திய பகுதியைப் படக்கென்று ஒடித்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். இன்று காலையில் திருகினால், கடைசி அரைச் சுற்றில் மரம் மெதுவாக ஒரு முனகல் முனகியது பாருங்கள், திருகாணி கெட்டியாக உட்கார்ந்துவிட்டது! பசை காய்ந்த நேரத்தைக் கழித்தால் மொத்த வேலை ஒன்பது நிமிடம். பதினொரு மாதத்துக்கு ஒன்பது நிமிடம்.

இதற்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன் தெரியுமா? செயலி செயலியாக இறக்கியிருக்கிறேன். அதில் “அலமாரிக் கதவு” என்று எழுதி, சிவப்பு நிறம் பூசி, காலை ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தேன். ஒன்பது மணிக்கு அது அடிக்கும். அடியில் ஒரு பொத்தான்: “நாளைக்கு மாற்று”. தள்ளிப்போடுகிறவர்களுக்கு உதவத்தானே அந்தச் செயலி, அதிலேயே தள்ளிப்போட ஒரு பொத்தானா? நான் வாழ்க்கையில் அதிகம் தொட்ட பொத்தான் அதுதான். எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். “எழுந்திரு, வெற்றி உன் கையில்” என்று இசையோடு கத்துகிற வீடியோக்களும் எனக்கு ஆகாது. அதைப் பார்க்கிற நேரத்தில் கதவு கீச்சென்றுகொண்டுதான் இருக்கும்.

சரி, சோம்பலுக்கு வருவோம். குறள் 605ஐ எடுத்துப் பாருங்கள். கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று வள்ளுவர் நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். நெடுநீர் என்றால் காலம் நீட்டிப்பது, நம்ம வியாதி. மடிதான் சோம்பல். இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சோம்பேறி நிம்மதியாகப் படுத்திருப்பான். தள்ளிப்போடுகிற ஆளுக்கு நிம்மதி ஏது? செய்யாத வேலை நாள் முழுக்கக் கூடவே நடந்து வருகிறதே.

டிமத்தி பிச்சில் என்று கனடாவில் ஓர் உளவியலாளர், இந்தப் பழக்கத்தையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து 2013இல் எழுதிய கட்டுரையில், இது நேரத்தைக் கையாளத் தெரியாத சிக்கல் அல்ல, மனநிலையைக் கையாளும் சிக்கல் என்கிறார்கள். வேலையை நினைத்தாலே ஒரு கசப்பு வருகிறது, தள்ளிப்போட்டதும் கசப்பு விலகுகிறது, அந்த நிம்மதிக்காக மறுபடி தள்ளிப்போடுகிறோம். படித்தபோது கதவைத் திரும்பிப் பார்த்தேன். திருகாணி என்றைக்கும் ஒன்பது நிமிட வேலையாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. “இதைக்கூட இத்தனை நாள் செய்யவில்லையே” என்கிற கூச்சம்தான் மாதா மாதம் வளர்ந்தது. கடைசியில் நான் தவிர்த்தது கதவை அல்ல, அந்தக் கூச்சத்தை.

ஆ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்! தீக்குச்சி யோசனை என்னுடையது அல்ல. நம் பார்வையாளர் ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்பே கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். நானும் அதற்கு ஓர் இதயம் போட்டுவிட்டு, “கட்டாயம் செய்கிறேன்” என்று பதில் வேறு எழுதியிருக்கிறேன். நேற்று அதைத் தேடிப் படித்தபோது எனக்கே முகம் சுண்டிப்போனது. நன்றி, ஆறு மாதம் தாமதமாக.

இப்போது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நேற்று எனக்குத் திடீரென்று ஞானம் பிறந்து கதவைச் சரிசெய்யவில்லை. ஒரு மெயிலுக்குப் பதில் எழுதாமல் இருப்பதற்காகச் சரிசெய்தேன். சிரிக்காதீர்கள், இதற்கும் ஆள் இருக்கிறது. ஜான் பெரி என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். பெரிய வேலையைத் தவிர்க்கும் சாக்கில் மற்ற வேலைகளை முடித்துத் தள்ளலாம் என்று ஒரு கோட்பாடே எழுதி, 2011இல் அதற்காக இக் நோபல் பரிசும் வாங்கினார். சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. என் வீடு மிகச் சுத்தமாக இருக்கும் வாரங்களில் எனக்கு ஏதோ பெரிய வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மெயில் பழைய நண்பர் ஒருவர் எழுதியது. நீளமாக, அன்பாக எழுதியிருந்தார். முதல் நாளே “படித்தேன், சந்தோஷம்” என்று போட்டிருந்தால் முடிந்திருக்கும். நல்லபடியாக எழுத வேண்டும் என்று வைத்தேன். ஒரு வாரம் ஆனதும், தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் அது பத்தியானது. மூன்று மாதத்தில், மன்னிப்புக்கே ஒரு முன்னுரை எழுத வேண்டிய நிலை. டிராஃப்டைத் திறந்தால் மேலே முழுக்க மன்னிப்பு, கீழே விஷயமே இல்லை.

2010இல் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது, அதிலும் பிச்சில் உண்டு. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டித் தீர்த்தால்தான் திருந்துவோம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சரி என்று அந்த மன்னிப்புப் பத்தியை முழுசாக வெட்டினேன். “உன் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது, தாமதம் என் தப்பு, எப்போது பேசலாம்?” என்று போட்டு அனுப்பியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அவரும் நம்ம கட்சிதான் போலிருக்கிறது.

25 நிமிட முறை பற்றிச் சொல்லச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உண்டாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான். ஆனால் அந்த டிக் டிக் எனக்கு ஆகாது, கீச்சே தேவலை.

எனக்குப் பலிப்பது வேறு. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் எழுதியது: “செய்வேன்” என்று மட்டும் வைக்காமல், “இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்” என்று கட்டிப்போடுவது. இன்று காலைக்கு நான் வைத்திருந்தது, “பல் தேய்த்து முடித்ததும் திருகாணி”. பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவரை வைத்திருந்தேன். அரைத் தூக்கத்தில் அதை வாயில் வைக்காமல் இருந்ததே பெரிய சாதனை.

சரி, போதும். இப்போது எழுந்து போய் இடது கதவைத் திறந்து மூடப்போகிறேன். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுகிறேன், நீங்கள் ஒலியைக் கூட்டி வையுங்கள். ஒன்று, இரண்டு...