வடகடல் கடைமடையில எங்க குடும்பம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பிரிட்டன்ல ஆளுங்க குடியிருக்கற தீவுகள்லயே வடக்குக் கோடியில இருக்கறது அன்ஸ்ட். ஷெட்லாந்து தீவுக்கூட்டத்துல அதுவும் ஒண்ணு. அங்க நாங்க குடும்பத்தோட ஒரு வருஷத்துக்கு மேல குடியிருந்துட்டு வந்தோம், அதைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் நர்ஸ், அங்க வயசானவங்களைப் பாத்துக்கற இடத்துல கான்ட்ராக்ட் வேலை, அதனால நான், பொண்ணு, பையன் எல்லாரும் கிளம்பினோம். வசந்த காலத்துல எங்க மாமியாரும் விசிட்டர் விசால வந்து ஆறு மாசம் கூட இருந்தாங்க. டூரா போயிருந்தா ரெண்டு நாள்ல பாத்து முடிச்சிடலாம், தீவே மொத்தம் 19 கிலோமீட்டர் நீளம் 8 கிலோமீட்டர் அகலம்தான். ஆனா ஒரு ஊரு பிடிபடணும்னா அங்க மழைக்காலம் வெயில்காலம் ரெண்டும் இருந்து கழிக்கணும்ங்க, நான் இன்னைக்கு சொல்றது பூரா அப்படி இருந்து பாத்ததுதான்.

போற வழியை முதல்ல சொல்லிடறேன். ஸ்காட்லாந்துல அபர்டீன்ல சாயங்காலம் கப்பல் ஏறுனா ராத்திரி பூரா கடல்ல போயி காலையில லெர்விக். அதுதான் ஷெட்லாந்துக்குத் தலைநகரம் மாதிரி. அங்கேர்ந்து வண்டியில வடக்கால போயி ஒரு ஃபெர்ரி, யெல்னு ஒரு தீவு, அதைக் குறுக்கால கடந்து இன்னொரு ஃபெர்ரி, அப்புறம்தான் அன்ஸ்ட். லெர்விக்லேர்ந்து லண்டனை விட நார்வேல இருக்கற பெர்கன்தான் பக்கம். 1469 வரைக்கும் இந்தத் தீவுங்க நார்வே பக்கம்தான் இருந்துச்சு, அப்ப நார்வேயையும் சேத்து ஆண்ட டென்மார்க் ராஜா தன் பொண்ணு சீதனத்துக்கு ஈடா ஸ்காட்லாந்து ராஜாகிட்ட அடமானம் வெச்சாரு, மூட்டவே இல்ல. வைக்கிங் ஆளுங்களோட பழைய நீள வீடுகள் அன்ஸ்ட்ல மட்டும் அறுபதுக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க, ஹரோல்ட்ஸ்விக்ல ஒண்ணைப் புதுசாக் கட்டியும் வெச்சிருக்காங்க, பையனுக்கு அந்த இடம்னா உசுரு.

நாங்க நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கம். அரிச்சந்திரா நதிப் பாசனம், கடைமடை. ஜூன் 12ல மேட்டூர் திறந்தா டிவில பூ தூவுறதைக் காட்டுவாங்க, அப்புறம் கல்லணை திறப்பாங்க, அதுக்கப்புறம் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள நாத்து வெளுத்துப் போயிருக்கும், சில வருஷம் எட்டியே பாக்காது. கடைமடைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு, வரும்னு சொன்னது வந்து சேர்ற வரைக்கும் நம்ப மாட்டான். அன்ஸ்ட் போயி ஒரு மாசத்துல எனக்குப் புரிஞ்சுடுச்சு, இதுவும் கடைமடைதான், இங்க தண்ணிக்குப் பதிலா ஃபெர்ரி. காத்து பலமா அடிச்சா ஃபெர்ரி நிக்கும், ஃபெர்ரி நின்னா கடையில பால் தீரும், ரொட்டி தீரும், காய்கறி ரேக் காலியாக் கிடக்கும். யாரும் பதறமாட்டாங்க. எல்லா வீட்டுலயும் ஃப்ரீசர் நிறைய இருக்கும், ஆட்டுக்கறியை உப்புல ஊறப்போட்டு உத்தரத்துல தொங்கவிட்டுக் காயவெச்ச உப்புக்கண்டம் இருக்கும், அதுல உருளைக்கிழங்கு போட்டு சூப் வெப்பாங்க. எங்க மாமியார் அந்த உப்புக்கண்டத்தைப் பாத்துட்டு, நம்ம ஊட்டுல பண்றதுதானேன்னு மிளகு தட்டிப்போட்டு ஒரு குழம்பு வெச்சாங்க, பக்கத்து வீட்டுப் பாட்டிம்மா கிண்ணத்தோட வந்து நின்னாங்க.

யெல்லுக்கும் அன்ஸ்ட்டுக்கும் நடுவுல ஓடற அந்தக் கடைசி ஃபெர்ரிக்கு நாங்க இருந்தப்ப காசு கிடையாது. முதல் தடவை டிக்கெட் கேட்டப்ப அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. பத்து நிமிஷப் பயணம்தான், ஆனா யோசிச்சுப் பாருங்க, கோடியில இருக்கறவனுக்கு ஏற்கனவே தூரம்ங்கற செலவு இருக்கு, அதுக்கு மேல காசையும் வாங்கினா அவன் ஏன் அங்க இருப்பான்? 1991 கணக்கெடுப்புல அன்ஸ்ட்ல 1,000 பேருக்கு மேல இருந்தாங்க, அப்புறம் 2006ல விமானப்படையோட ரேடார் தளத்தை மூடினாங்க, வேலை போச்சு, குடும்பங்க போச்சு, 2011ல 600 சொச்சம்தான். அதுக்கும் முன்னாடி, 1900களோட தொடக்கத்துல, பால்டாசவுண்ட் துறைமுகத்துல ஹெரிங் மீன் சீசனுக்கு ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்து உப்புப் போட்டு பீப்பாயில அடைச்சிருக்காங்க, இப்ப அந்தக் கரையில உடைஞ்ச கல்லுக்கட்டு மட்டும் நிக்குது. ஜனம் குறைய ஆரம்பிச்ச ஊருன்னா எனக்குத் தெரியும், கஜாவுக்கு அப்புறம் எங்க பக்கத்துலேர்ந்து திருப்பூர் போனவங்கள்ல எத்தனையோ குடும்பம் திரும்பி வரவே இல்ல.

காத்துன்னா என்னன்னு அங்க போயிதான் தினப்படி பாத்தோம். 2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி எங்க பொண்ணுக்குச் சின்ன வயசு, ஓடு பறக்கற சத்தத்துக்கு என் மடியிலேயே ஒடுங்கிக் கிடந்தா. அன்ஸ்ட்ல குளிர்காலத்துல ஜன்னல் கண்ணாடி அதிரும்போது அதே மாதிரி வந்து ஒட்டிக்கிட்டா. தீவுல மரமே கிடையாதுன்னு சொல்லலாம், காத்தும் ஆடும் விடறதில்ல, வேலி போட்டு மறைச்ச எடத்துல மட்டும் நாலு மரம் நிக்கும். வீடெல்லாம் தாழ்வா, சுவர் கனமா இருக்கும். குப்பைத் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வெப்பாங்க. காரை நிறுத்தறப்ப காத்துக்கு எதிர்முகமா நிறுத்தணும், கதவை ரெண்டு கையால பிடிச்சுத் திறக்கணும், இல்லாட்டி கதவே மடங்கிடும், இதை எங்களுக்கு முதல் நாளே வீட்டுக்காரம்மா சொல்லிக் கொடுத்துட்டாங்க. டிசம்பர்ல பகல் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்கும் கம்மி. பசங்க ஸ்கூல்லேர்ந்து இருட்டுல வருவாங்க. அந்த மாசம் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஊர் ஞாபகம் வந்து அழுத்தும். ஆனா ஒரு ராத்திரி வானத்துல பச்சை வெளிச்சம் திரை மாதிரி ஆடுச்சு பாருங்க, வாசல்ல போர்வையோட ரொம்ப நேரம் நின்னோம்.

இப்ப மாமியார் கதைக்கு வர்றேன். அவங்க வந்தது மே மாசம், பீட் வெட்டற காலம். பீட்னா சதுப்பு நிலத்துல கிடைக்கற எரிபொருள், பக்கத்து வீட்டுக்காரங்க வெட்டப் போனாங்க, நாங்களும் போனோம். மேல் புல்லைச் சீவித் தள்ளிட்டு டஸ்கர்னு ஒரு கருவி, நீள மரக்காம்பு, நுனியில பக்கவாட்டுல ஒரு தகடு நீட்டிக்கிட்டு இருக்கும், அதை அழுத்துனா செங்கல்லை விட நீளமான துண்டா வெட்டும், அதே வீச்சுல தூக்கி மேட்டுல வெச்சிடுவாங்க. மாமியார் ஒரு துண்டைக் கையில எடுத்தாங்க. கன்னங்கரேல்னு, ஜில்லுன்னு, வழவழன்னு இருக்கு, நசுக்கினா விரல் இடுக்குல பழுப்புத் தண்ணி ஒழுகுது. பிச்சுப் பாத்தாங்க, உள்ள வேரும் பாசியும் அப்படியே தெரியுது. மோந்து பாத்துட்டு, "ஏம்மா, இது மண்ணே இல்லையே, மக்காத தழைல்ல இது"ன்னாங்க. ஆயுசு பூரா தழை உரம் மிதிச்ச காலு, உடனே பிடிச்சுட்டாங்க. உண்மை அதான். நம்ம வயல்ல தழையைப் போட்டு மிதிச்சா சூட்டுல சீக்கிரமே மக்கிடும். அங்க குளிரு, தேங்கின தண்ணி, புளிப்புத் தன்மை, காத்தே உள்ள போகாது, அதனால செடி செத்தும் மக்காம அடுக்கடுக்காப் படியும், வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்னு கணக்கு சொல்றாங்க. ஒரு மீட்டர் ஆழம் வெட்டுனா ஆயிரம் வருஷம், அதாவது 1010ல ராஜராஜன் பெரிய கோயிலை முடிச்சப்ப அங்க முளைச்ச பாசியைத்தான் அத்தை கையில வெச்சிருந்தாங்க.

வெட்டின துண்டை அப்படியே பரப்பி, மேல் பக்கம் தோல் கட்டினதும் நாலஞ்சா சாச்சு நிறுத்தி, காத்துல காயவிட்டு, கோடை முடியறதுக்குள்ள வீட்டுக்கு ஏத்தணும். சாச்சு நிறுத்தறதை மாமியார் ரெண்டு தடவை பாத்தாங்க, மூணாவதுலேர்ந்து அவங்க வேகத்துக்கு யாராலயும் ஈடு குடுக்க முடியல. அந்தப் பாட்டிம்மாவும் இவங்களும் ஆளுக்கு ஒரு பாஷை பேசிக்கிட்டே வரிசையா நிறுத்திட்டுப் போனாங்க. சாயங்காலம் ஆனா அத்தை ஃபோன்ல ஊருக்கு அடிச்சு, தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குன்னு கேப்பாங்க, ஜூன் ஜூலை பூரா இதே கேள்விதான். இப்பல்லாம் பீட் வெட்டற குடும்பம் குறைஞ்சுட்டு வருது, கார்பனை நிலத்துக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கற சதுப்புங்கறதால பாழான இடங்களைத் திரும்ப நனைச்சு சரி பண்ற வேலையும் நடக்குது. எனக்கும் அதுதான் நியாயம்னு படுது.

கோடையில ராத்திரின்னே ஒண்ணு வராது. பத்தரைக்கு சூரியன் இறங்கும், ஆனா இருட்டாது, மூணரைக்கெல்லாம் திரும்ப எழுந்துடும். பசங்களைத் தூங்க வெக்கறதுதான் பாடு. ஹெர்மனெஸ் மலைமுகட்டுக்குப் போனா பஃபின் பறவைங்க நம்ம கால்கிட்ட பொந்துலேர்ந்து எட்டிப் பாக்கும், கீழ பாறை பூரா கேனெட்ங்கற கடல் பறவைங்க, தூரத்துல மக்கிள் ஃபிளக்கா கலங்கரை விளக்கம், 1858லேர்ந்து நிக்குது, 1995க்கு அப்புறம் அங்க ஆளே தங்கறதில்ல, தானா எரியுது. பறவைக் காய்ச்சல்ல 2022ல அங்க ஏகப்பட்ட பறவை செத்துப்போச்சுன்னு சொல்லும்போது ஊர்க்காரங்க குரல் மாறிடுது.

என் பொண்ணுக்குப் பிடிச்சது ஒரு பூ. கீன் ஆஃப் ஹேமர்னு ஒரு மேடு, பாக்க வெறும் ஜல்லி கொட்டின மாதிரி இருக்கும். அந்தக் கல்லுல நிக்கல், குரோமியம் அதிகம், சாதாரணச் செடி பிழைக்காது. அங்க குப்புறப் படுத்துத் தேடினா அஞ்சு இதழோட வெள்ளையா ஒரு குட்டிப் பூ, இலை சிவப்போடின கரும்பச்சை. எட்மண்ட்ஸ்டன் பேரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடறாங்க, உலகத்துல அன்ஸ்ட்டைத் தவிர வேற எங்கயும் காட்டுல முளைக்கறதில்ல. 1837ல அந்த ஊர்ப் பையன் தாமஸ் எட்மண்ட்ஸ்டன் கண்டுபிடிச்சப்ப அவனுக்கு என் பொண்ணை விட வயசு கம்மி. 1845ல ஷெட்லாந்துச் செடிகளைப் பத்தி புஸ்தகமே எழுதி, அடுத்த வருஷம் பெரு நாட்டுக் கரையில தவறுதலா துப்பாக்கி வெடிச்சு இருபது வயசுல செத்துட்டான். இதைக் கேட்டதுலேர்ந்து அவ வாரா வாரம் அந்த மேட்டுக்குப் போகணும்னு நிப்பா.

அப்புறம் அந்த பஸ் ஸ்டாப். 1996ல அன்ஸ்ட்ல ஒரு பழைய நிழற்குடையை எடுத்துட்டாங்க, பாபிங்கற சின்னப் பையன் பத்திரிகைக்கு லெட்டர் எழுதி, ஸ்கூல் பஸ்ஸுக்கு நாங்க எங்க நிக்கறதுன்னு கேட்டான், புதுசா வெச்சுக் குடுத்தாங்க. ஊர்க்காரங்க உள்ள சோஃபா, டிவி எல்லாம் போட்டு அலங்காரம் பண்ணிட்டாங்க, இன்னைக்கும் அவன் பேருலதான் இருக்கு. எல்லாரும் அதுல உக்காந்து ஃபோட்டோ எடுப்பாங்க. எனக்கு அதுல ஃபோட்டோவை விட பெருசாப் பட்டது, கடைசித் தீவுல ஒரு பிள்ளை கேட்டதுக்குப் பதில் வந்துச்சே, அது. பால்டாசவுண்ட் ஸ்கூல்ல பிள்ளைங்க ரொம்பக் கம்மி, ஆனா ஸ்கூல் நடக்குது, நீச்சல் குளம் இருக்கு. பதினாறு வயசாச்சுன்னா லெர்விக் போயி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும், வாரக்கடைசிக்குதான் வீடு. அந்த வயசுப் பிள்ளைங்க ஃபெர்ரில பையைத் தூக்கிக்கிட்டு ஏறறதைப் பாக்கறப்ப அவங்கம்மா முகத்தை நான் பாப்பேன். ஃபெர்ரியும் ஸ்கூலும் நிச்சயமா இருக்குன்னா வயசுப் பிள்ளைங்க திரும்பி வந்து வீடு கட்டுவாங்க. வந்தவங்களை நான் பாத்திருக்கேன். எங்க ஊருக்கு சாயங்காலக் கடைசி பஸ் வருமா வராதான்னு தெரியாமலேயே எத்தனை பொண்ணுங்க காலேஜை விட்டிருக்காங்கன்னு இங்க கேக்கற எல்லாருக்கும் தெரியும். இதை நான் எந்த மேடை குடுத்தாலும் சொல்வேன்.

யாராவது போறதா இருந்தா மே கடைசிலேர்ந்து ஜூலைக்குள்ள போங்க, ஆகஸ்ட் பொறந்தா பஃபினெல்லாம் கடலுக்குப் போயிடும். குடை எடுத்துட்டுப் போகாதீங்க, அந்தக் காத்துக்கு நிக்காது, நல்ல மழைக்கோட்டும் கம்பளி சாக்ஸும் போதும். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா அவங்க மருந்து மாத்திரையை ரெண்டு வாரத்துக்கு அதிகமாவே வெச்சுக்கங்க, ஃபெர்ரி நின்னுட்டா கைகொடுக்கும். புளியும் வத்தலும் எடுத்துக்கங்க, கோடையில துறைமுகத்துல தூண்டில் போட்டா மேக்கரல், அதான் நம்ம கானாங்கெளுத்தி ஜாதி, வாளி நிறைய ஏறும், பக்கத்து வீட்டுக்காரங்க பையில போட்டு வாசல் கதவுல மாட்டிட்டுப் போயிடுவாங்க, குழம்பு வெச்சுத் திருப்பிக் குடுக்க உங்களுக்குப் புளி வேணும். நன்றி, வணக்கம்.