கோப்பையா, பணமா, குடும்பமா? ஐஸ் ஹாக்கி வீரர்கள் கையெழுத்திடும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்

(திரையில்: 2013 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர், பாஸ்டன் புரூயின்ஸ் – சிகாகோ பிளாக்ஹாக்ஸ்)

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பைக்காக நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் பாட்ரிஸ் பெர்ஜெரான் விலா எலும்பு முறிந்த நிலையில் களமிறங்கினார். ஆட்டத்தின் நடுவே அவருடைய தோள்பட்டையும் விலகியது. ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்குச் சென்றபோது நுரையீரலில் துளை விழுந்திருப்பதும் தெரியவந்தது. பாஸ்டன் அந்த ஆட்டத்தில் தோற்று, கோப்பையையும் இழந்தது.

வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல்.-இல் வீரர்களின் சம்பளம் வழக்கமான பருவத்தின் நாட்களுக்குத்தான் வழங்கப்படுகிறது. அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளுக்கென ஒரு பரிசுத் தொகை உண்டு என்றாலும், நட்சத்திர வீரர் ஒருவருடைய ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அவர் பங்குக்குக் கிடைப்பது சொற்பமே. ஆகவே அன்றிரவு பெர்ஜெரான் பணத்துக்காக ஆடவில்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அடுத்த மாதமே அவர் எட்டு ஆண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு செயல்களுக்கும் இடையே முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. களத்தில் இறங்கிய வீரர் பணத்துக்கும் கோப்பைக்கும் இடையே எதையும் தேர்ந்தெடுப்பதில்லை; வெல்வதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. எதை முதன்மையாகக் கருதுகிறார் என்பதை அறிய வேண்டுமானால், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையைத்தான் பார்க்க வேண்டும்.

(திரையில்: சம்பள உச்சவரம்பு, 2005 முதல் இன்று வரை)

அந்த மேசையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது சம்பள உச்சவரம்பு. அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே மூண்ட தகராறில் 2004–05 பருவம் முழுவதும் ரத்தானது. அதன் முடிவில், ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து 3 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்பு வந்தது. 2025–26 பருவத்தில் அந்த வரம்பு 9 கோடியே 55 லட்சம் டாலர். தனி ஒருவர் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெற முடியாது. இதன் விளைவாக, நட்சத்திர வீரர் கூடுதலாகக் கேட்டுப் பெறும் ஒவ்வொரு டாலரும் அவருக்குப் பக்கத்தில் ஆட வேண்டிய இன்னொருவருக்குச் செலவிட முடியாத டாலராகிவிடுகிறது. தனக்குரிய சந்தை விலையை முழுமையாகக் கேட்கும் வீரர், தன் அணி கோப்பையை வெல்லும் வாய்ப்பைத் தானே ஓரளவு குறைத்துக்கொள்கிறார். விட்டுக்கொடுப்பவரோ, அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்தே சக வீரர்களுக்குக் கொடுத்ததைப் போல அணியைக் கட்டுகிறார்.

அணியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வீரருக்கு எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியமானது. பதினெட்டு வயதில், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ மூலம் ஓர் அணி அவரைத் தன் உரிமையாக்கிக்கொள்கிறது. அந்த ஊரையோ அணியையோ அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுவாக 27 வயதை எட்டினால், அல்லது ஏழு பருவங்களை முடித்தால் மட்டுமே, விரும்பிய அணியோடு அவர் ஒப்பந்தம் பேச முடியும். உடல் தேய்மானம் மிகுந்த இந்த விளையாட்டில், முதன்முறையாகச் சுதந்திரம் கிடைக்கும்போதே தொழில் வாழ்வின் பெரும்பகுதி கழிந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் இடும் கையெழுத்து பெரும்பாலும் அவருடைய வாழ்நாள் வருமானத்தையே தீர்மானிக்கிறது. அங்கே அவர் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், அதைப் பேராசை என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தில் (2025–26 பருவத்தில் அது 7 லட்சத்து 75 ஆயிரம் டாலராக இருந்தது) ஆடும் வீரருக்கு இந்தத் தேர்வுகூட இல்லை. யார் அழைக்கிறார்களோ அங்கே போவார்.

(திரையில்: மரியன் ஹோசா, 2008, 2009, 2010)

கோப்பைக்காகவே முடிவெடுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஸ்லோவாக்கியாவின் மரியன் ஹோசாவின் கதை ஆழ்ந்து பார்க்கத்தக்கது. 2008 இறுதித் தொடரில் பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடிய அவர், டெட்ராய்ட் அணியிடம் தோற்றார். அந்தக் கோடையில் தம் முன் வைக்கப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்களை மறுத்துவிட்டு, தம்மைத் தோற்கடித்த அதே டெட்ராய்ட் அணியில் ஒரே ஓர் ஆண்டுக்கு, 74 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சேர்ந்தார். கோப்பையை வெல்ல அதுவே சிறந்த வாய்ப்பு என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 2009இல் டெட்ராய்ட் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. வென்றது அவர் விட்டுவிட்டு வந்த பிட்ஸ்பர்க். அதன் பிறகு சிகாகோவில் 12 ஆண்டுகளுக்குச் சுமார் 6 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அங்கே 2010, 2013, 2015 என மூன்று கோப்பைகள் அவருக்குக் கிடைத்தன. எல்லாவற்றையும் கோப்பைக்காகப் பணயம் வைத்த ஆண்டில் வெறுங்கையோடு நின்றவருக்கு, நீண்டகாலப் பாதுகாப்பைப் பெற்றுக்கொண்ட இடத்தில்தான் கோப்பை வந்து சேர்ந்தது.

பால் கரியாவுக்கு அந்த ஆறுதலும் வாய்க்கவில்லை. அனஹைமில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெற்றுவந்த அவர், 2003இல் நண்பர் டீமு செலானேயுடன் கொலராடோ அணிக்குப் போனபோது 12 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார். கொலராடோ இரண்டாவது சுற்றிலேயே வெளியேறியது. செலானே பின்னர் அனஹைமுக்கே திரும்பி 2007இல் கோப்பையை வென்றார்; கரியா கடைசிவரை வெல்லவே இல்லை. 32 அணிகள் போட்டியிட்டு ஒன்று மட்டுமே வெல்லும் இன்றைய லீகில், பணத்தை விட்டுக்கொடுப்பது ஒரு வாய்ப்பை மட்டுமே வாங்கித் தருகிறது. தள்ளுபடி கொடுக்க வீரர்கள் தயங்குவதற்கு இதுவே வலுவான காரணம் என்று கருதுகிறேன்.

(திரையில்: டேவிட் கிரெய்ச்சி, ஸ்காட் நீடர்மேயர், ஜானி கோட்ரோ)

குடும்பம் என்ற காரணத்தை ரசிகர்கள் பெரும்பாலும் சாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பல முடிவுகளை ஓசையின்றித் தீர்மானிப்பது அதுதான். பாஸ்டனின் டேவிட் கிரெய்ச்சி 2021இல் லீகை விட்டே விலகி, தம் பிள்ளைகள் செக் மொழி பேசி, சொந்தங்களுக்கு அருகில் வளர வேண்டும் என்பதற்காகச் செக் நாட்டில் ஒரு பருவம் ஆடினார். ஸ்காட் நீடர்மேயர், நியூ ஜெர்சியில் மூன்று கோப்பைகளை வென்ற பிறகு, 2005இல் தம்பி ராப் ஆடிவந்த அனஹைமுக்குப் போனார். 2007இல் அண்ணன் கையிலிருந்து தம்பி கோப்பையை வாங்கினார்.

ஜானி கோட்ரோ 2022இல் கால்கரி முன்வைத்த பெரிய ஒப்பந்தத்தை மறுத்து, ஏழு ஆண்டுகளுக்கு 6 கோடியே 82 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கொலம்பஸ் அணியில் சேர்ந்தார். வலுவான அணியை விட்டு வலுக்குறைந்த அணிக்கு ஏன் போனார் என்று அப்போது பலர் வியந்தார்கள். நியூ ஜெர்சியில் இருந்த குடும்பத்துக்கு அருகில் வாழவே அவர் விரும்பினார். 2024 ஆகஸ்ட் 29 அன்று, தங்கையின் திருமணத்துக்கு முந்தைய இரவில், தம்பி மேத்யூவுடன் சைக்கிளில் சென்றபோது வாகனம் மோதி இருவரும் உயிரிழந்தார்கள். கோப்பையைத் துரத்தவில்லை என்று அவர்மீது சொல்லப்பட்ட குறையை இன்று யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

(திரையில்: ரே போர்க், 2001, பிராட் மார்ஷாண்ட், 2025)

விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, அது யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். நான்கு கோப்பைகளை வென்று தந்த வெய்ன் கிரெட்ஸ்கியையே 1988 ஆகஸ்டில் எட்மன்டன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பேரத்தில் ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கமும் அடக்கம். பாஸ்டனில் இருபதாண்டுகளுக்கும் மேல் ஆடிய ரே போர்க், 2000ஆம் ஆண்டில் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டு கொலராடோவுக்குச் சென்றார். 2001இல் கோப்பையை வென்று ஓய்வுபெற்றார். பாஸ்டன் ரசிகர்கள் அவரைத் துரோகி என்று தூற்றவில்லை. அவர் கோப்பையை அந்த நகருக்குக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள்.

பெர்ஜெரான் இருந்த இடத்திலேயே இருந்தார். 2022இல், 37 வயதில், 25 லட்சம் டாலர் சம்பளத்துக்கும் அதே அளவு ஊக்கத்தொகைக்கும் ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். கிரெய்ச்சியும் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பி வந்தார். இருவரும் விட்டுக்கொடுத்த பணத்தால் வலுவான அணி உருவாகி, வழக்கமான பருவத்தில் 65 வெற்றிகள் என்ற சாதனையைப் படைத்தது. ஆனால் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே, மூன்றுக்கு ஒன்று என முன்னிலையில் இருந்தும் ஃபுளோரிடாவிடம் தோற்றது. அவர்களோடு ஆடிய பிராட் மார்ஷாண்ட், அணித் தலைவராக இருந்த நிலையில், ஒப்பந்தப் பேச்சு முடிவுக்கு வராததால் 2025 மார்ச்சில் அதே ஃபுளோரிடாவுக்கு மாற்றப்பட்டார். ஜூனில் அங்கே கோப்பையை வென்றார். பிறகு ஆறு ஆண்டுகளுக்கு 3 கோடியே 15 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் அங்கேயே தங்கினார். மாநில வருமான வரி இல்லாத ஃபுளோரிடாவில் அந்தத் தொகையின் மதிப்பு வேறு பல ஊர்களில் உள்ளதைவிடக் கூடுதல் என்பதையும் மறக்கக் கூடாது.

(திரையில்: கப்ரிஸோவ், மெக்டேவிட், 2025)

2025ஆம் ஆண்டு சில நாள் இடைவெளியில் கையெழுத்தான இரண்டு ஒப்பந்தங்களில் இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து தெரிகின்றன. மினசோட்டாவின் கிரில் கப்ரிஸோவ் எட்டு ஆண்டுகளுக்கு 13 கோடியே 60 லட்சம் டாலர் பெற்றார். அவரைவிடவும் கூடுதலாகக் கேட்டிருக்கக்கூடிய கானர் மெக்டேவிட், எட்மன்டனோடு ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலர் என்ற தம் பழைய சம்பளத்திலேயே, இரண்டே ஆண்டுகளுக்கு மட்டும் கையெழுத்திட்டார். 2024, 2025 இரு இறுதித் தொடர்களிலும் தோற்ற அவர், பணத்தில் விட்டுக்கொடுத்தார், காலத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சேமித்துக் கொடுத்த தொகையைக் கொண்டு கோப்பையை வெல்லும் அணியைக் கட்ட எட்மன்டன் நிர்வாகத்துக்கு 2028 கோடை வரை அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு, 31 வயதில், அவர் எந்த அணியிலும் சேரலாம்.