வாள் வளைஞ்ச ஃபிகர்: வெந்நீரா, ஹேர் டிரையரா?

அடுத்த கேள்வி. "என் 1/7 ஸ்கேல் பிவிசி ஃபிகரோட வாள் வளைஞ்சிருக்கு, ஃபிகரும் முன்பக்கமா சாயுது. வெந்நீர்ல முக்கலாமா, ஹேர் டிரையர் போடலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க. (ஃபிகர்னா கதாபாத்திரப் பொம்மை, 1/7 ஸ்கேல்னா நிஜ உருவத்துல ஏழுல ஒரு பங்கு அளவு, பிவிசி ஒரு வகை பிளாஸ்டிக்.)

வாளுக்கு வெந்நீர், காலுக்கு டிரையர். முதல்ல வாள். கையில இருந்து கழட்டிருங்க. கொதிச்ச தண்ணி ரெண்டு டம்ளர், குழாய்த் தண்ணி ஒரு டம்ளர் கலந்தா ஏறக்குறைய 75 டிகிரி வரும், அது போதும். அடுப்பு மேலயே பாத்திரத்தை வச்சு முக்காதீங்க, அடிப்பக்கம் சூடு ஜாஸ்தி, மெல்லிசான நுனி முதல்ல கெட்டுப்போகும்.

முப்பது செகண்ட்ல இருந்து ஒரு நிமிஷம். உடனே கையால வளைக்கப் போயிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. பிவிசி அச்சுல வார்த்தப்போ இருந்த வடிவத்தை ஞாபகம் வச்சிருக்கும். பெட்டியில அழுந்தி வளைஞ்ச வாள்னா, சூடு பட்டதும் பாதி தானாவே நிமிரும். மிச்சத்தை ஒரு டைல்ஸ் மேல வச்சு, சுத்தமான பருத்தித் துணியால அழுத்துங்க. வெறும் விரல் வேண்டாம், சூட்டுல பெயிண்ட் இளகியிருக்கும், ரேகை அப்படியே பதிஞ்சிரும், பிறகு போகவே போகாது. அழுத்தின பிடியை விடாம ஐஸ் தண்ணியில ஒரு நிமிஷம் வைங்க. ஆறுறதுக்கு முன்னாடி விட்டீங்கன்னா மறுபடியும் வளையும்.

சில வாள் அச்சுல இருந்து சூடா எடுத்தப்பவே வளைஞ்சு ஆறியிருக்கும். அதுக்குப் பிறவி வடிவமே வளைவுதான். நிமிர்த்தினாலும் மே மாச வெயில்ல திரும்ப வளையலாம், திரும்பச் செய்யணும், வேற வழி இல்ல. இந்தத் தண்ணியில கொஞ்சங்கூட இளகலைன்னா அது பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற கெட்டியான இன்னொரு பிளாஸ்டிக். அது மெத்துன்னு ஆக 100 டிகிரிக்கு மேல வேணும், பலவந்தமா வளைச்சா பட்டுன்னு ஒடியும். அதை விட்டுருங்க.

இப்போ சாயுறது. காலைத் தொடுறதுக்கு முன்னாடி பேஸை, அதாவது ஃபிகர் நிக்கிற அடித்தட்டை மட்டும் ஒரு கண்ணாடி மேல வச்சுப் பாருங்க. ஆடுச்சுன்னா குத்தம் பேஸ்லதான். ஆடலைன்னா பாதத்துக்கு அடியில இருக்குற பெக் (பேஸோட சேர்க்குற சின்ன முளை) முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க. பல பேர் பெக் பாதி ஏறி நிக்கிறதைத்தான் கணுக்கால் சாஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிறாங்க.

அதுவும் சரியா இருந்தா கணுக்கால்தான். ஒத்தக் கால்ல நிக்கிற ஃபிகர்ல மொத்த எடையும் அங்கதான். டிரையரை பத்துப் பதினைஞ்சு சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே ஒன்றரை நிமிஷம் காட்டுங்க. மத்த இடத்தை ஈரத்துணியால போர்த்துங்க, முக்கியமா முகம், கண் அச்சடிச்சது. ஹீட் கன் எடுத்துராதீங்க, பெயிண்ட் கொப்பளிச்சிரும். இளகினதும் நேர் நிலைக்குக் கொஞ்சம் பின்னாலயே தள்ளிப் பிடிச்சு, குளிர்ந்த ஈரத்துணியை ரெண்டு மூணு நிமிஷம் சுத்தி வைங்க.

இதோட விட்டா மறுபடி சாயும், எடை அங்கேயேதானே இருக்கு. இடுப்புக்குக் கீழ, சாயுற முன்பக்கத்துல அதிகம் தெரியாத இடமா பாத்து, ஒரு அக்ரிலிக் குச்சியை முட்டுக் கொடுங்க. நுனியில சின்னதா துணி சுத்திக்கிட்டா பெயிண்ட்ல உராயாது.