ஆடிக்கூழும் பிறப்புச் சான்றிதழும்: மண்டபம் முகாமின் கதை

[காட்சி: ராமேஸ்வரம் செல்லும் ரயிலின் சன்னலோரம். பெயர்ப்பலகை: மண்டபம் கேம்ப்.]

பாம்பன் பாலத்தை நெருங்கும் ரயில் கடந்துபோகும் நிலையங்களில் ஒன்றின் பெயரே 'மண்டபம் கேம்ப்'. இலங்கைத் தமிழர் வந்து தங்கியதால் இந்தப் பெயர் ஏற்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது அதற்கும் மூத்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட தமிழர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்துச் சோதித்து, பிறகு கப்பலேற்றி அனுப்பிய இடம் இது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு படகுகளில் வந்து இறங்கியவர்களில், அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். பாட்டனார் சோதனைக்கு நின்ற இடத்திலேயே பேரன் அகதியாகப் பதிவு செய்துகொண்டான்.

[காட்சி: கடல் வரைபடம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஒரு கோடு.]

இடையே உள்ள கடல் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். போர்க்காலத்தில் அலை அலையாக மக்கள் வந்தார்கள். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும், மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் மீண்டும் மண்டபத்துக்கே கொண்டுவரப்பட்டன. ஆனால் அகதி என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டுமே கருதுகிறது.

இந்த நிலையில்தான் 1984-இல் ஈழ ஏதிலியர் (அகதிகள்) மறுவாழ்வுக் கழகம் தோன்றியது. தந்தை செல்வா என்று அழைக்கப்படும் இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய இந்த அமைப்பில், முகாம்களில் வாழும் அகதிகளே தொண்டர்களாக நின்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், சத்துணவுப் பணிகளைப் பார்த்தார்கள், 2004 சுனாமியின்போது தமிழகக் கடலோர மக்களுக்கும் உதவச் சென்றார்கள். இவை எல்லாவற்றிலும் ஆவணப் பணியே பெரியது என்பேன். முகாமில் பிறந்த குழந்தை இலங்கைக் குடியுரிமை பெறவேண்டுமானால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் வேண்டும். இரவோடிரவாகப் படகேறியவர் எதை எடுத்து வந்திருப்பார்?

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் கூழ்; அருகில் ஒரு தகரப்பெட்டி.]

ஆடி முதல் நாள், ஈழத் தமிழர் ஆடிக்கூழ் காய்ச்சும் நாள். முகாம் வீடொன்றில் பாட்டி கூழ் காய்ச்சுகிறாள். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் பானையில், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் மிதக்கிறது. பனங்கட்டிக்கு மட்டும் குறைவில்லை. சாயல்குடிப் பக்கம் காய்ச்சும் கருப்பட்டி இங்கே எளிதில் கிடைக்கும். பலாவிலையைக் கோலிக் குடிப்பதுதான் ஊர் வழக்கம் என்றும், இங்கே டம்ளர்தான் என்றும் கிழவி குறைபட்டுக்கொள்வாள். கூழ் ஆறுவதற்குள் கதை தொடங்கிவிடும்: எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலில் தாலி கட்டியது, கடைசிப் பிள்ளை பிறந்தது எந்த ஆஸ்பத்திரி. வீட்டுக்குள் 'கதைக்கிற' பேரன் வெளியே போனால் 'பேசுகிறான்'. கிழவிக்கு முன்னால் மட்டும், 'ஆம்' என்பதற்கு ஈழத்தார் சொல்லும் 'ஓம்' சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பண்டிகைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. விண்ணப்பப் படிவம் கேட்பதும் இதே ஊர்ப்பெயரையும் இதே தேதியையும்தான். தகரப்பெட்டியில் தாள் இல்லாத வீட்டில், தேடலைத் தொடங்குவதற்கு அவள் நினைவு ஒன்றே துணை.

2021-இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்கத்தக்கதுதான், ஆயினும் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 2025-இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அதனால் வழக்கு குறித்த பயம் குறைந்தது, அவர்கள் குடிமக்களாகிவிடவில்லை.

[காட்சி: நாட்காட்டியில் 1987 ஜூலை 1.]

குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும் பெரும்பாலும் இந்தியரே. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டித்தான் வழக்காடினார். அவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக அவர் வாக்களித்தார். அவருக்குப் பதினைந்து மாதங்கள் கழித்து அதே முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர், அந்தத் தீர்ப்பைக் காட்டிக் குடியுரிமை கேட்க முடியாது.