கனிந்து விழுந்த பழத்தை அப்படியே மரத்தடியில் கொட்டலாமா?

[காட்சி: மாமரத்தடி. ஒரு கடகம் நிறையக் கனிந்து பிளந்த பழங்கள்.]

வைகாசி பிறந்தால் யாழ்ப்பாணத்து வளவுகளில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அம்பலவி மாம்பழமும் நாங்கள் தின்னுகிற வேகத்தைவிட வேகமாக விழும். பப்பாப்பழமும் கொய்யாவும் வருசம் முழுக்க இருக்கிறது. இதையெல்லாம் கூட்டி அள்ளி வாழையடியில் கொட்டினால் பசளை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கொட்டின கிழமையே எறும்பு வரும், எலி வரும், கொஞ்ச நாளில் இலையும் மஞ்சளாகும்.

காரணம் எளிது. மாம்பழத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி சீனி. 1 கிலோ வாழைப்பழச் சதையில் பொட்டாசியம் 3 முதல் 4 கிராம்தான், நைதரசன் அதைவிடவும் குறைவு. ஆகவே பழம் செடிக்குச் சாப்பாடு இல்லை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. சீனியைக் கண்டதும் அவை பெருகும். பெருகுவதற்கு வேண்டிய காற்றையும் நைதரசனையும் வேரடியிலிருந்தே எடுக்கும். அந்த வேலை முடியும்வரை வேர் பக்கத்தில் இருக்கக்கூடாது.

[காட்சி: பழங்களை இரண்டாகப் பிரிக்கும் கை. ஒரு பழம் வெட்டப்படுகிறது.]

முதலில் தரம் பிரியுங்கோ. தோலில் ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி, அழுத்தினால் நீர் கசிகிறது என்றால் வெட்டிப் பாருங்கோ. உள்ளே துள்ளுகிற வெள்ளைப் புழு இருந்தால் அது பழ ஈயின் புழு. பழத்தை விட்டு வெளியேறி, மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரும். மேலோட்டமாகப் புதைத்தால் அடுத்த பழத்துக்கான ஈயை நாங்களே வளர்த்த மாதிரி. புழுப் பழங்களைத் தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுகக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு கிழமை வையுங்கோ. புழு வெந்து சாகும். பிறகு அதையும் குப்பைக் குவியலில் சேர்க்கலாம். பை இல்லையென்றால் 2 அடி ஆழத்தில் புதைக்கவேண்டும். ஆனால் சுண்ணக்கல் மேலேயே இருக்கிற வளவில் அலவாங்கு 1 அடியிலேயே கல்லில் முட்டும், அங்கே பைதான் வழி.

[காட்சி: குவியல் கட்டுதல்.]

புழு இல்லாத பழத்துக்கு, பசளைக்காக உக்கவைக்கிற குவியல்தான் சிறந்தது. நிழலில், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இடம் பாருங்கோ. எங்கள் நிலக்கீழ்ச் சுண்ணக்கல்லுக்குள்ளால் கழிவு நீர் கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. அடியில் அரை அடிக்குத் தேங்காய்மட்டையும் சுள்ளியும் பரப்பினால் காற்று நுழையும். அதன்மேல் நறுக்கிய பழம் 1 வாளிக்குக் காய்ந்த சருகு 3 வாளி, ஆட்டெரு அரை வாளி. பூவரசஞ்சருகு நன்று. பனையோலை போடுவதென்றால் சிறிதாக வெட்டிப் போடுங்கோ, முழுசாகக் கிடந்தால் வருசக்கணக்கில் உக்காது. கடைசியில் பழம் வெளியே தெரியாதபடி 3 அங்குலம் சருகால் மூடுங்கோ.

10 நாளைக்கு ஒருக்கால் கிளறவேண்டும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஈரம் கூடிக் காற்று இல்லை: சருகு சேர்த்துக் கிளறுங்கோ. சூடே பிடிக்கவில்லை என்றால் நைதரசன் காணாது: எரு, அல்லது பச்சைக் கிளிசீறியா இலை. வெள்ளைப் பூஞ்சண நூல் தெரிந்தால் பயப்படவேண்டாம். கிளறும்போது தலை பழுப்பாக, வளைந்து கிடக்கிற தடித்த வெள்ளைப் புழுக்களைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கோ. அவற்றில் தென்னங்குருத்தைக் குடைகிற கருவண்டின் புழுவும் இருக்கலாம், உக்கின குவியல்தான் அதற்குப் பிள்ளைப்பெறு விடுதி. ஐப்பசி மழை தொடங்கினால் மேலே ஒரு தகரம் போடாமல் விடக்கூடாது.

பனம்பழத்தை மட்டும் இதற்குள் போடாதேயுங்கோ. விதை உக்காது, முளைத்துக் கிழங்கு விடும். அதன் இடம் பாத்தி.

[காட்சி: பிளாஸ்டிக் பரல், துணி மூடி.]

இனிப் பலர் கேட்கிற பழக்கரைசல், அதாவது பழத்தைப் புளிக்கவைத்துச் செடியடிக்கு ஊற்றுகிற கரைசல். 1 கிலோ பழச்சதைக்கு 1 கிலோ சர்க்கரை. பனங்கட்டி தேவையில்லை, விலை கட்டாது. பிசைந்து, பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், துணியால் கட்டி நிழலில் 7 முதல் 10 நாள். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். சர்க்கரையைக் குறைத்தால் வினாகிரியாகப் புளித்துப்போகும். மேலே பச்சை, கறுப்புப் பூஞ்சணம் பிடித்தால் குவியலில் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கோ.

வடித்தபின் 10 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர், கிழமைக்கு ஒருக்கால், பின்னேரத்தில், ஈரமான மண்ணுக்கு மட்டும். இலைக்குத் தெளித்தால் சீனிக்கு எறும்பு ஏறும், எறும்போடு மாவுப்பூச்சியும் வந்து சேரும். கீரைப் பாத்திக்கு இதை நம்பியிருக்கவேண்டாம், அதற்கு நைதரசன் வேண்டும். எங்களைக் கேட்டால், நாலு கத்தரியும் ரெண்டு மிளகாய்க் கன்றும் உள்ள வீட்டுக்கு இந்தச் சர்க்கரைச் செலவே வீண், குவியல் போதும்.

[காட்சி: உக்கிய குவியலிலிருந்து ஒரு பிடி.]

குவியல் 2 முதல் 3 மாதத்தில் முதிரும். ஒரு பிடியை ஈரமாக்கிப் பையில் கட்டி 3 நாள் வைத்துத் திறந்து பாருங்கோ. மழை விழுந்த மண் மணந்தால் கன்றுக்கு 2 பிடி போடலாம். புளித்து மணந்தால் இன்னும் இரண்டு கிழமை விடுங்கோ.